கூப்பிட்டால் பதில் சொல்லக் கூடாத பெயர்

எஹலியகொட,
மேல் பிரிவு, நான்காம் லயம்.
09.09.2024

கலவானவில் இருக்கும் கோகிலா அவர்களுக்கு,

இந்தக் கடிதம் உங்கள் கைக்குக் கிடைத்தால் நீங்கள் நிஜமாகவே இருக்கிறீர்கள் என்று அர்த்தம். திரும்பி வந்துவிட்டால் என் பாடு இன்னும் மோசம்.

என் பெயரும் கோகிலாதான். ரப்பர் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் வேலை செய்கிறேன். தாய்மார் ரப்பர் பால் வெட்டப் போகும்போது அவர்களுடைய குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எங்களுக்குத் தோட்டத்தில் ஏழு பேர்ச் காணி கிடைத்திருக்கிறது. வீடு கட்ட வங்கியில் கடன் கேட்டேன். மனேஜர் என் கடன் அறிக்கையை, அதுதான் எல்லோரும் கிரிப் என்கிறார்களே, அதை எடுத்துப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். தையல் மெஷினுக்கு எடுத்த கடனில் ஒன்பது தவணை கட்டவில்லையே என்று சிங்களத்தில் கேட்டார். ஊசியில் நூல் கோக்கப் போனாலே விரலில் குத்திக்கொள்கிறவள் நான். எனக்கு எதற்குத் தையல் மெஷின்?

அறிக்கையில் இரண்டு விலாசங்கள் இருந்தன. ஒன்று என்னுடையது, மற்றது உங்களுடையது. கடன் கொடுத்த கம்பனிக்கு ஆட்சேபணை எழுதினேன். "பெயர், பிறந்த திகதி, தாய் தகப்பன் பெயர் எல்லாம் ஒன்றே. ஆகவே அந்த நபர் நீங்களே" என்று பதில் அனுப்பினார்கள். கூடவே கடன் விண்ணப்பத்தின் பிரதியும் வந்தது. அதிலிருந்த கையெழுத்தைப் பார்த்து, நான்தான் எப்போதோ போட்டு மறந்துவிட்டேனோ என்று ஒரு நிமிடம் பயந்துபோனேன். 'லா'வின் வாலைப் பெயருக்கு அடியில் முழுக்க இழுத்து விடுவது நான் மட்டும்தான் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

டவுனில் சட்டத்தரணி நிஸார் ஐயாவிடம் போனோம். எழுபத்தைந்தாயிரம் கேட்டார். என் கணவர் சசி வெளியில் வந்ததும், "கடன் வாங்குறதுக்கு முன்னாடியே கடனாளி ஆகணுமா?" என்றார். வங்கி நவம்பர் கடைசி வரைக்கும்தான் காத்திருக்கும். அதனால்தான் லோயருக்குக் காசு கட்டுவதற்கு முன்னால் உங்களுக்கு எழுதிப் பார்க்கிறேன். அந்தக் கடன் உங்களுடையது என்றால் அப்படி ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடுங்கள். வேறொன்றும் வேண்டாம்.

இப்படிக்கு,
ரா. கோகிலா

---

கலவான,
21.09.2024

எஹலியகொட கோகிலாவுக்கு,

நான் இருக்கிறேன்.

உறையைப் பார்த்ததும் என் கணவர் அஜந்தன், "உனக்கு நீயே எதுக்குக் காயிதம் போட்டுக்கிட்ட?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவர் கை உறையை நீட்டியபடியே நின்றது. உள்ளே இருந்த எழுத்தைப் பார்த்ததும் என் சம்பளச் சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நான் படித்தது சிங்களப் பள்ளிக்கூடத்தில். தமிழ் எழுத்து, வளர்த்த அப்பா தேயிலைப் பெட்டிப் பலகையில் எழுதிக் காட்டியது. அந்த வாலை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கடன் என்னுடையது. கட்டியும் முடித்துவிட்டேன். காசு வாங்க வருகிறவன் என் கார்டில் எழுதினான், கம்பனியில் எழுதவில்லை. கார்டு இருக்கிறது. அவன்தான் இப்போது இல்லை.

உங்கள் கடிதம் வந்த பிறகு நானும் என் அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். எஹலியகொடவில் ஏழு பேர்ச்சில் நான் வீடு கட்டப் போகிறேனாம். வங்கியில் கடன் கேட்டிருக்கிறேனாம். கொழுந்து மலையில் நின்று அதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்குத் தெரியாமல் நான் வேறோர் இடத்தில் நன்றாகப் பிழைத்துக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. நானும் இரத்தினபுரியில் ஒரு லோயரைப் பார்க்கத்தான் போகிறேன். நீங்கள் மட்டும்தான் பாதிக்கப்பட்ட ஆள் என்று நினைக்க வேண்டாம்.

ஒரு விஷயம். என் பிறப்புப் பத்திரத்தின் பிரதியை இத்தோடு வைத்திருக்கிறேன். பிறந்த திகதி 1986 மார்ச் 2. தகப்பன் ராமச்சந்திரன், தாய் புஷ்பம். என்னை வளர்த்தவர்களின் பெயர்கள் அவையல்ல. இவர்கள் யார் என்று கேட்கும்போதெல்லாம் வளர்த்த அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார். போன வருடம் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ராமச்சந்திரனும் புஷ்பமும் உங்களுக்கு யார்?

போன் நம்பர் கேட்க வேண்டாம். உங்கள் குரலும் என் குரலாகவே இருந்துவிட்டால் என்னால் தாங்க முடியாது.

ரா. கோகிலா

---

எஹலியகொட,
03.10.2024

கோகிலா அவர்களுக்கு,

ராமச்சந்திரன் என் அப்பா. அவர் காலமாகிப் பதினொரு வருடமாகிறது. புஷ்பம் என் அம்மா. நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் வாசலில் கீரை ஆய்கிறார். அரை மணி நேரமாக ஒரே கட்டைத்தான் ஆய்கிறார்.

என் பத்திரத்திலும் 1986 மார்ச் 2தான். பத்திர எண்ணும் ஒன்றுதான். அடையாள அட்டை எண்களில் மட்டும் கடைசி இலக்கங்கள் வேறு.

எனக்கு முன்னால் ஒரு பெண் பிறந்து நாலு மாதத்தில் தவறிப்போனாள். அவள் பெயரும் கோகிலா. அவள்தான் எங்கள் வீட்டுக் கன்னி. சின்ன வயதில் போய்விட்ட பெண்பிள்ளையை வீட்டுத் தெய்வமாக வைத்துக் கும்பிடுவது உங்கள் பக்கமும் இருக்கும்தானே? எங்கள் வீட்டு மச்சில் ஒரு பிஸ்கட் தகரப் பெட்டி இருக்கிறது. பொங்கல் கழிந்து வருகிற முதல் வெள்ளிக்கிழமை அதை இறக்கிப் புதிதாகச் சின்னப் பச்சைப் பாவாடை ஒன்று வைப்போம். இலை போட்டுப் பாலும் சர்க்கரைப் பொங்கலும் படைப்போம். பிறகு அம்மா பின்கதவைத் திறந்து மூன்று தடவை கூப்பிடுவார். "கோகிலா, வாம்மா."

என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். ஆனால் நான் பதில் சொல்லக் கூடாது. ஆறு வயதில் ஒரு தடவை தெரியாமல் "ஏம்மா?" என்று கேட்டுவிட்டேன். அம்மா பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினார். கன்னி கெட்டது செய்ய மாட்டாள், கூப்பிட்டால் வருவாள், கேட்டதைத் தருவாள் என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார். பரீட்சை, கல்யாணம், பிள்ளை எல்லாம் அவளிடம்தான் கேட்டேன். போன தையில் வீடு கேட்டேன்.

உங்கள் கடிதத்தைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். "யாருக்கு எழுதின?" என்று அவர் கேட்கவில்லை. "அவளுக்கு எதுக்குடி காயிதம் எழுதுன?" என்றார்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் உயிரோடுதான் இருக்கிறீர்களா?

ரா. கோகிலா

---

கலவான,
19.10.2024

கோகிலா,

இனி உன்னை நீ என்றே எழுதுகிறேன். நீங்கள் என்று எழுதினால் கண்ணாடியைப் பார்த்து மரியாதை கொடுக்கிற மாதிரி இருக்கிறது.

உயிரோடு இருக்கிறாயா என்று என்னை யாரும் இதுவரை கேட்டதில்லை. ஒரு நாளைக்குப் பதினெட்டுக் கிலோ கொழுந்து எடுக்கிறேன். பின்னேரத்தில் சட்டை தைக்கிறேன். ஒரு மகள், அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகிறாள். பேய்க்கு எவனும் தவணைக்கு மெஷின் தருவதில்லை. அந்தப் பாவாடையின் அளவு என்ன? இப்போது எனக்கு இடுப்பு முப்பத்தாறு.

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாட்கள் யோசித்தேன். பொங்கல் கழிந்து வருகிற முதல் வெள்ளியில் எனக்கு ஒவ்வொரு வருடமும் காய்ச்சல் வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பால் பொங்கி அடுப்பில் வழிந்த வாடை மூக்கில் ஏறும். மலையில் நின்றால் பின்னாலிருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஒரு பொம்பளைக் குரல். மூன்று தடவை. நான் கேட்டால், பக்கத்து நிரையில் நிற்பவர்கள், "யாரும் கூப்பிடலயே" என்பார்கள். நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன், நாலாவது தடவை வராது.

வளர்த்த அம்மா அன்றைக்கு என்னைத் தனியே விடமாட்டார். "திரும்பிப் பாக்காத, என்னான்னு கேக்காத" என்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே நிற்பார். என்னைக் கூப்பிடுகிறார்கள் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? உன்னைப் பதில் சொல்லாதே என்றார்கள். என்னையும் பதில் சொல்லாதே என்றார்கள்.

என் லோயர் ஒரு யோசனை சொன்னார். "அந்தத் தாய் உயிரோட இருந்தா ஒரு சத்தியக்கடதாசி எடுங்க. 'எனக்குக் கோகிலான்னு ஒரே மகதான், அது இவதான்'னு. முந்தி எடுக்கிறவங்க பக்கம்தான் பத்திரம் நிக்கும்" என்றார். நான் எடுக்கப் போவதில்லை. அந்த அம்மாவை எனக்குத் தெரியவே தெரியாது. தெரியாதவரிடம் போய் முதலில் கேட்பது அதுவாகவா இருக்க வேண்டும்?

நீயும் எடுக்காதே. முதலில் அவரிடம் கேள். என்னை ஏன் கூப்பிட்டார், நான் எங்கே போயிருந்தேன் என்று கேள்.

கோகிலா

---

எஹலியகொட,
08.11.2024

அக்காவுக்கு,

எழுதிவிட்டேன். ஒரு சொல்லை எழுத இவ்வளவு நேரமாகும் என்று நான் நினைக்கவில்லை.

அம்மாவைக் கேட்டேன். ஒரு கிழமை கழித்து, பிள்ளைமடுவத்துக்கே வந்து, தொட்டில்களுக்கு நடுவில் உட்கார்ந்து சொன்னார். அப்பாவுக்கு அப்போது காசநோய். இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் கிடந்தார். அம்மாவுக்குப் பால் வற்றிவிட்டது. கலவானவிலிருந்து ஒரு புருஷன் பெண்சாதி, பிறந்த பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு வார்டு வாசலில் அழுதுகொண்டு நின்றார்களாம். அந்த அம்மாவின் மார்பில் பால் கட்டியிருந்ததாம். "அழுதுகிட்டே இருந்த புள்ள, அவ மடியில வச்சதும் நிறுத்திருச்சு. அப்புறம் எப்படிடி திருப்பி வாங்குவேன்?" என்றார் அம்மா. பிறப்புப் பத்திரத்தையும் உன்னோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார்.

பிள்ளையைக் கொடுத்துவிட்டேன் என்று சுவருக்குச் சுவர் ஒட்டிய லயத்தில் சொல்ல முடியுமா? செத்துவிட்டது என்றார்கள். வாழைத்தண்டைத் துணியில் சுற்றி ஆற்றோரத்தில் புதைத்தார்கள். லயத்துப் பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். கன்னி வைத்துக் கும்பிடச் சொன்னதும் அவர்கள்தான். அம்மாவுக்கு அது வசதியாகிவிட்டது. வருடத்துக்கு ஒரு நாளாவது உன் பெயரைச் சத்தம் போட்டுச் சொல்லலாமே.

இரண்டு வருடம் கழித்து நான் பிறந்தேன். பதியப் போன அப்பாவை, பிந்திவிட்டது, அபராதம், சாட்சி, அது இது என்று அலைக்கழித்திருக்கிறார்கள். அப்பா யோசித்தாராம். "ஏற்கனவே ஒரு பேரு சும்மா கிடக்கு." உன் பத்திரத்தில் ஒரு நகல் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அப்படித்தான் நானும் கோகிலா ஆனேன். உண்மையில் எனக்கு இரண்டு வயது குறைவு. வேறு நேரமாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

நிஸார் ஐயாவிடம் ஒரு தோழியின் கதை என்று சொல்லிக் கேட்டேன். இரண்டு பேரும் உண்மையைச் சொன்னால் பத்திரம் மூத்தவளுக்கு என்றார். இளையவள் தன் பிறப்பை முதலிலிருந்து பதிய வேண்டும், வருடக்கணக்காகும் என்றார். அந்த இளையவள் நான். கல்யாணப் பதிவு, சேமலாப நிதி, பிள்ளைகளின் பத்திரங்கள் எல்லாம் உன் பெயரின் மேல் நிற்கின்றன. வீட்டுக் கடனை மறந்துவிட வேண்டியதுதான்.

அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. பேய்க்குப் பயந்த மாதிரி இல்லை. இந்த முப்பத்தாறு வருடமும் இங்கே இருந்தது யார் என்று பயமாக இருக்கிறது. வங்கி 29ஆம் திகதி வரைக்கும்தான் பார்க்கும். என்ன செய்வதென்று எழுது. சீக்கிரம் எழுது.

உன் தங்கச்சி

---

கலவான,
18.11.2024

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். "அக்காவுக்கு" என்ற இடத்தில் அவள் நிறுத்தி என்னைப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்கவில்லை.

பத்திரம் எனக்கு வேண்டாம். அது யாருக்கு என்று பிறகு பார்ப்போம். முதலில் நாம் இரண்டு பேர் என்று சொல்லுவோம். அதற்கு லோயர் தேவையில்லை. நாமே எழுதலாம். இத்தோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன், நான்தான் எழுதினேன். கம்பனிக்கு ஒரு பிரதி, உன் வங்கிக்கு ஒரு பிரதி. தையல் மெஷின் கடன் கலவானவில் இருப்பவளுடையது, கார்டு அவளிடம் இருக்கிறது, எஹலியகொடவில் இருப்பவளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எழுதியிருக்கிறேன். பொய் எதுவும் அதில் இல்லை.

ஆனால் கையெழுத்துப் போடாதே. நம் கையெழுத்தைப் பார்த்தால் ஒருத்தியே இரண்டு தடவை போட்டாள் என்பார்கள். பெயரும் ஒன்று, திகதியும் ஒன்று, தாய் தகப்பனும் ஒன்று. அட்டை எண் வேறு என்றாலும் ஒருத்திக்கே இரண்டு அட்டை என்பார்கள். நம் இரண்டு பேருக்கும் வேறாக இருப்பது பெருவிரல் மட்டும்தான். கைநாட்டு வை.

இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. முதல் சம்பளச் சீட்டில் நான் கையெழுத்துப் போட்ட அன்று வளர்த்த அம்மா எங்கள் லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பரம்பரைப் பெண்களில் பெருவிரலில் மை படாத முதல் ஆள் நான்தான் என்று அவருக்கு அவ்வளவு பெருமை. இப்போது நானே மையைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன். தாளின் இடது பக்கம் இருப்பது என் விரல். வலது பக்கத்தை உனக்கு விட்டிருக்கிறேன்.

29க்கு முன்னால் வைத்து அனுப்பு. கடன் கிடைக்காமல் போனாலும் போகட்டும். என்னிடம் மெஷின் இருக்கிறது, இரண்டு பேராகச் சம்பாதித்துக் கட்டலாம். வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை.

அக்கா

---

எஹலியகொட,
20.12.2024

அக்கா,

ஒரு மாதமாக எழுதவில்லை. எழுதத் தைரியமில்லை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

உன் தாள் எனக்குக் கிடைத்தது நவம்பர் 27. நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு நிஸார் ஐயாவிடம் போனது 22. "வேற ஒரு மக இருக்காளா?" என்று அவர் என்னிடம் இரண்டு தடவை கேட்டார். இல்லை என்றேன். "அந்தத் தோழி?" என்றார். அவள் விஷயம் முடிந்துவிட்டது என்றேன். சத்தியக்கடதாசியில் நீ எழுதிய அதே வரிதான். எனக்குக் கோகிலா என்று ஒரே மகள், அவள் எஹலியகொடவில் என்னோடு இருக்கிறாள், வேறு எவரிடமாவது இந்தப் பத்திரம் இருந்தால் அவர் என் மகள் அல்ல.

அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. கடதாசி சிங்களத்தில் இருந்தது. சமாதான நீதவான் வாசித்துக் காட்டவா என்று கேட்டபோது, நானே விளக்கிவிட்டேன் என்று சொன்னேன். அம்மா மையில் விரலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பெரியவளுக்கும் சேத்துத்தானே?" என்று கேட்டார்.

நான் ஆமாம் என்றேன்.

உன் தாள் முந்தி வந்திருந்தால் போயிருக்க மாட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படித்தான் நடந்திருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று பிள்ளைகளோடு பத்துக்குப் பன்னிரண்டு அறையில் மழையில் பாயைச் சுருட்டிக்கொண்டு நின்றவளுக்குத்தான் அது தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உனக்கும் அந்த மழை தெரியும் என்பதையும் நினைக்கிறேன்.

கடன் கிடைத்துவிட்டது. என் அறிக்கையில் இப்போது ஒரு விலாசம்தான். நீ அதில் இல்லை. அதைப் பார்த்தபோது சந்தோஷம் வரவில்லை.

அத்திவாரம் வெட்டியிருக்கிறோம். பின்பக்கக் குழியில் மட்டும் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. சசி காலையில் இறைப்பார், பின்னேரம் நிறைந்துவிடும். அதைக்கூட விடு. அம்மா இப்போது பொங்கல் வரைக்கும் காத்திருப்பதில்லை. தினமும் பொழுது சாயும்போது பின்கதவைத் திறந்துகொண்டு நிற்கிறார். கூப்பிடுவதில்லை. யாரோ பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வருவது தெரிகிற மாதிரி பாதையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். நேற்று நான் கதவை மூடப் போனேன். "இரு, ஏறி வந்துக்கிட்டு இருக்கா" என்றார்.

உன் கைநாட்டு வைத்த தாளைத் தகரப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். கிழிக்க முடியவில்லை.

என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

கோகிலா

---

கலவான,
09.01.2025

தங்கச்சிக்கு,

என்ன பெயரில் கையெழுத்துப் போடுவது என்று தெரியாததால், கடைசியில் போடாமல் விடுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே இங்கே எல்லாம் வந்துவிட்டது. கம்பனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். "பெத்த தாயே சத்தியம் பண்ணியிருக்காங்க, அப்ப நீங்க யாரு?" என்றார்கள். ஒன்பது தவணையையும் வெட்டிவிட்டார்களாம். இல்லாத ஆளிடம் வசூலிக்க வழியில்லையாம். பார், உன்னால் எனக்கும் ஒரு கடன் தீர்ந்தது.

வங்கியில் என் சம்பளக் கணக்கை மறித்து வைத்திருக்கிறார்கள். அடையாள அட்டையை விசாரணைக்கு என்று வாங்கிக்கொண்டார்கள். மகள் பரீட்சைக்காக அடையாள அட்டைக்கு விண்ணப்பித்திருந்தாள். கிராம சேவகர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "அம்மா யாருன்னு முதல்ல முடிவு பண்ணிட்டு வாம்மா" என்று பிள்ளையின் முகத்தைப் பார்த்தே சொன்னாராம். அவள் வீட்டுக்கு வந்து என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இராப்பகலாக என்னைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறாள். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அஜந்தன் லோயரிடம் போவோம் என்று ஒற்றைக்காலில் நின்றார். போனோம். தொண்ணூறாயிரம் என்றார். சரி, மெஷினை விற்கலாம் என்று எழுந்தேன். அப்போது அவர் பேனையைத் திறந்துவிட்டு, "கேஸ் என்ன பேர்ல போடறது?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். பெயர் வரவில்லை. முப்பத்தெட்டு வருடமாகச் சொன்ன பெயர் அது. லோயரும் அஜந்தனும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல்லாமலே வெளியே வந்துவிட்டேன்.

லோயர் வேண்டாம் என்று அங்கேதான் முடிவு செய்தேன். என்னை இல்லை என்று எழுதிக் கொடுத்தது லோயர் இல்லை. ஒரு விரலும், "ஆமாம்" என்ற ஒரு பொய்யும்தான். அந்த இரண்டையும் காசு கொடுத்து அழிக்க முடியாது. அதே விரல் இன்னொரு தடவை மையில் பட வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு உன்மேல் கோபம் இருக்கிறது. அது போகவில்லை, போகும் என்றும் சொல்லமாட்டேன். ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒன்று விளங்கியது. கம்பனியிலும் வங்கியிலும் பதிவிலும் நான் இல்லை. நான் இருக்கிறேன் என்று முப்பத்தெட்டு வருடமாக நம்பி எனக்கு இலை போடுகிற இடம் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். இல்லாதவளுக்குப் போவதற்கு அந்த வீடுதானே இருக்கிறது?

பொங்கல் கழிந்து முதல் வெள்ளி, 17ஆம் திகதி. நான் விடியற்காலைப் பஸ்ஸில் ஏறுகிறேன். மகளையும் கூட்டி வருகிறேன். முன்வாசலால் வர மாட்டேன். அம்மா பார்த்துக்கொண்டு நிற்கிற பாதையாலேயே வருவேன்.

மைப்பெட்டி கொண்டு வருகிறேன். ஒரு தாளில் இரண்டு வரி எழுதி வைத்திருக்கிறேன். "இவளும் என் மகள். இரண்டு பேரையும் நான்தான் பெற்றேன்." தமிழில்தான் எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை அம்மாவுக்கு அதை நீ சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். பிறகு அவர் விரல். தகரப் பெட்டியில் இருக்கிற தாளில், நான் விட்டு வைத்த வலது பக்கத்தில் உன் விரல். அதனால் உன் வீட்டுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் நீயும் அன்றைக்குச் செய்தாய்.

பயப்படாதே. கன்னி கெட்டது செய்ய மாட்டாள் என்று நீதானே எழுதினாய்.

புதுப் பாவாடை தைக்க வேண்டாம். இலையை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போடு, இரண்டு பேர் சாப்பிட வேண்டும்.

இந்த வருடம் எனக்குக் காய்ச்சல் வராது. பால் வாடையும் வராது. யாரும் என்னைப் பின்னாலிருந்து கூப்பிடவும் மாட்டார்கள். அம்மாவிடம் சொல்லு. அன்றைக்குப் பின்கதவைத் திறந்து அவர் மூன்று தடவை கூப்பிட வேண்டியதில்லை. முதல் தடவையே "ஏம்மா?" என்று கேட்பேன். அப்போது நீ யார் வாயையும் பொத்தாதே.